வாளியை எண்ணிவிட்டுப் பையை வாங்குங்கள்: பெங்களூரு மொட்டை மாடியில் இளவேனில் காய்கறி

பெங்களூருக்கு வந்து குடியேறி, மொட்டை மாடியில் நாலு செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "செடி வைக்க எத்தனை பை (க்ரோ பேக்) வாங்கட்டும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்கள் சமையலறையில் ஒரு நாளைக்கு எத்தனை வாளித் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது?"

காரணம் இருக்கிறது. இந்த ஊரில் காய்கறி போட நல்ல பருவமும் தண்ணீர் இல்லாத பருவமும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. சிவராத்திரியோடு குளிர் கிளம்பிவிடும் என்பார்கள். மாசியிலும் பங்குனியிலும் வெயில் மெல்ல ஏறும், விதை போட்டால் மளமளவென்று முளைக்கும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால், உச்ச வெயில் அடிக்கும் ஏப்ரலில்கூடப் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். வேலூரிலோ சேலத்திலோ சித்திரை வெயிலில் செடி காப்பாற்றியவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஜனவரி தொடங்கி மார்ச் முடியும் வரை மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆழ்துளைக் கிணறு இறங்கும், காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், டேங்கர் விலை ஏறும். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினாலும் கார் கழுவினாலும் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. 2025 பிப்ரவரியிலும் அதே உத்தரவு வந்தது.

அதனால் இங்கே இளவேனில் தோட்டம் என்பது குடிநீர்க் குழாயை நம்பி வைக்கிற தோட்டம் இல்லை. அரிசி கழுவிய தண்ணீரை நம்பி வைக்கிற தோட்டம்.

ஒரு வாரம் அளந்து பாருங்கள்

செடி வாங்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். சமையலறையில் ஒரு 10 லிட்டர் வாளி வையுங்கள். அரிசி, பருப்பு களைந்த தண்ணீர், காய்கறி, கீரை அலசிய தண்ணீர், பாட்டிலில் மிச்சம் கிடந்த தண்ணீர் எல்லாம் அதில் விழட்டும். சோப்பு பட்டதும் உப்பு போட்டு வேகவைத்ததும் வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும், அதை மாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்குக் கொண்டு போகாதீர்கள்.

எங்கள் வீட்டில் நாலு பேர். அளந்து பார்த்ததில் ஒரு நாளைக்கு 12 முதல் 15 லிட்டர் தேறியது. கீரை ஆய்ந்த நாளில் இன்னும் கொஞ்சம் கூட. மார்ச் வெயிலில் 15 அங்குலப் பையில் நன்றாக வளர்ந்த ஒரு செடிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் வேண்டும். 12 அங்குலப் பைக்கு ஒரு லிட்டர் போதும். ஆக, எங்கள் தண்ணீருக்கு ஐந்து பெரிய பை, ஐந்து சின்னப் பை. அவ்வளவுதான். முதல் வருஷம் நான் 30 பை வாங்கினேன். ஏப்ரல் முதல் வாரத்தில், பிஞ்சு பிடித்திருந்த வெண்டைச் செடிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. டேங்கர் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனசு வரவில்லை. அந்தச் செடிகளை நானே பிடுங்கிப் போட்ட வலி இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மாடி தாங்குமா

வாடகை வீடு என்றால் ஓனரிடம் பேசாமல் ஒரு பைகூட மேலே ஏற்ற வேண்டாம். அவர்கள் பயப்படுவது இரண்டுக்கு: ஒழுக்கு, பாரம். இரண்டுமே நியாயமான பயம்தான்.

ஜனங்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு, நம் நாட்டுக் கட்டட விதிகளின்படி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்று கணக்கிட்டு வடிவமைப்பது வழக்கம். 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள ஒரு பையில் 40 லிட்டருக்கு மேல் கலவை பிடிக்கும், நனைந்தால் அது 35, 40 கிலோ வரும். ஒரு சதுர மீட்டரில் இரண்டு பை, மிஞ்சினால் மூன்று. நடு மாடியில் குவிக்காமல் சுவர் ஓரமாகவும், கீழே தூண் நிற்கிற இடமாகவும் பார்த்துப் பரப்பி வையுங்கள். பழைய கட்டடம், விரிசல் விட்ட கான்கிரீட் என்றால் கட்டட வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

பையைத் தரையில் நேரடியாக வைக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டோ, மூன்று மூன்று செங்கல்லோ போட்டு உயர்த்துங்கள். அடியில் காற்றுப் போனால்தான் தரை காயும். முன்பு இருந்த வீட்டில் தரையிலேயே வைத்திருந்தேன், ஆறு மாதத்தில் கீழ் வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு தெரிந்தது. மழைநீர்க் குழாய் வாய், சின்டெக்ஸ் டேங்குக்குப் போகும் வழி, சோலார் ஹீட்டரின் முகம் இந்த மூன்றையும் மறைக்காதீர்கள். காய்க்கிற செடிக்குத் தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடி ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டேங்க் நிழல் விழும் இடம் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும்.

மண்: புட்டு மாவுப் பதம்

வெறும் செம்மண் பையில் செங்கல்லாக இறுகிவிடும், பாரமும் அதிகம். வெறும் கோகோ பீட்டில், அதாவது தேங்காய் நார்த் தூளில், சத்தே இல்லை. செம்மண் ஒரு பங்கு, கோகோ பீட் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இதற்கு மேல் ஆயிரம் பொடிகளைக் கடையில் நீட்டுவார்கள், முதல் வருஷத்துக்கு எதுவும் தேவையில்லை.

கோகோ பீட் கட்டி வாங்கும்போது கழுவி உப்பு நீக்கியதா, 'லோ ஈ.சி.'யா என்று கேட்டு வாங்குங்கள். கழுவாத கட்டியில் தென்னை மட்டையின் உப்பு அப்படியே இருக்கும், இளஞ்செடியின் இலை ஓரம் கருகும். விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டால் இரண்டு மூன்று தடவை அலசி ஊற்ற வேண்டும், தண்ணீர் இல்லாத மாதத்தில் அது எவ்வளவு பெரிய செலவு என்று பாருங்கள். 5 கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் பொங்கி வரும். பத்துப் பைக்கு இரண்டு கட்டி தாராளம்.

கலவையைக் கையால் பிசைந்து பார்ப்பதுதான் உண்மையான சோதனை. புட்டுக்கு மாவு பிசிறுவோம் இல்லையா, அதே பதம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் பிடி கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உதிராமல் களிமாதிரி ஒட்டினால் கோகோ பீட் இன்னும் கொஞ்சம் போடுங்கள். கையில் பிடிக்கவே நிற்காமல் கொட்டினால் உரமோ ஈரமோ போதவில்லை. பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. கலந்த மண்ணைப் பையில் நிரப்பி, மேலே மூன்று அங்குலம் இடம் விட்டு, லேசாக ஈரம் தெளித்து ஒரு வாரம், பத்து நாள் அப்படியே விடுங்கள். பிண்ணாக்கின் சூடு அடங்க அந்த நாட்கள் வேண்டும்.

சாமான் வாங்க லால்பாகை ஒட்டிய சித்தாபுராவில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. ஜனவரி 26-ஐ ஒட்டி லால்பாகில் மலர்க் கண்காட்சி நடக்கும், விதையும் நாற்றும் வாங்க அது நல்ல சமயம். கன்னடத்தில் கேட்கத் தெரிந்தால் பேச்சு இன்னும் நெருக்கமாகும். உரம் என்றால் 'கொப்பர', மண்புழு உரம் 'எரெஹுளு கொப்பர'. வெண்டை 'பெண்டெகாயி', கத்தரி 'பதனெகாயி', பீர்க்கை 'ஹீரேகாயி', கீரை 'சொப்பு'. "ஹீரேகாயி பீஜ கொடி" என்று கேட்டுப் பாருங்கள், எந்த ரகம் சீக்கிரம் காய்க்கும் என்பது வரை சொல்லித் தருவார்கள்.

எதை, எப்போது

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பட்டாணி, கேரட் எல்லாம் குளிர்காலப் பயிர். பிப்ரவரியில் நர்சரிக்காரர் நாற்றை நீட்டினாலும் வாங்காதீர்கள், அடுத்த அக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பருவத்தின் ராஜா வெண்டைதான். விதையை ராத்திரி ஊறவைத்து, காலையில் நேரடியாகப் பையிலேயே ஒரு அங்குலத்துக்குள் ஊன்றுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுபடும். 12 அங்குலப் பைக்கு ஒரே செடி. ஐந்தாறு நாளில் முளைக்கும், 45, 50 நாளில் காய். நகரின் வடமேற்கே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'அர்க்கா அனாமிகா' ரகத்தைத் தேடி வாங்குங்கள். கோடையில் வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகும் நச்சுயிரி நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கியது அது. ஒரு வீட்டுக்குப் பொரியலுக்குக் காய் வேண்டுமானால் குறைந்தது ஐந்து செடி வேண்டும். இரண்டு செடி வைத்துவிட்டு, தினம் இரண்டு காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்படி ஆகக் கூடாது.

கத்தரியும் மிளகாயும் நாற்று விட்டு நட வேண்டியவை. ஜனவரி கடைசியில் குழித்தட்டில் விதைத்தால் கத்தரி எட்டுப் பத்து நாளில் முளைக்கும், மிளகாய் இரண்டு வாரம் கூட எடுக்கும். நாலைந்து இலை வந்ததும், ஏறக்குறைய 30 நாளில், சாயங்காலமாகப் பைக்கு மாற்றுங்கள். தவறவிட்டுவிட்டால் கவலையில்லை, நர்சரியில் நாற்றாகவே வாங்கிவிடலாம். கத்தரி ஒருமுறை பிடித்துவிட்டால் கிளைகளை வெட்டி வெட்டிக் கவாத்து செய்து ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கலாம்.

தக்காளியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது அதற்குச் சிரமமான பருவம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டால் பூ உதிரும். வெள்ளை ஈ வந்தால் இலைச்சுருள் நோய் வரும். அந்த நோயின் நச்சுயிரி ஒன்றுக்குப் பெங்களூரு பெயரையே வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு இங்கே பழகியது. ஆசை இருந்தால் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் நாற்றை நட்டுவிடுங்கள், மார்ச்சிலேயே காய் பிடித்துவிடும். ஹெசரகட்டாவின் 'அர்க்கா ரக்ஷக்' இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகம். ஹைப்ரிட் என்பதால் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே மாதிரி வராது. தக்காளி நாற்றைத் தண்டு பாதி மறையும்படி ஆழமாக நடுங்கள், மண்ணுக்குள் போன தண்டிலிருந்தும் வேர் விடும்.

கீரைக்குப் பெரிய பை வேண்டாம். ஒன்பது அங்குல ஆழம் உள்ள அகலத் தொட்டி போதும். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் சலித்துவிடுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப்போகும் என்பதால் சுற்றிலும் கொஞ்சம் மஞ்சள் தூள். 25 நாளில் கீரை. வெந்தயக்கீரை மூன்றே நாளில் முளைத்து மூன்று வாரத்தில் கடைசலுக்கு வந்துவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் வெந்தயத்தில் ஆரம்பிப்பதுதான் நல்லது, அஞ்சறைப் பெட்டியிலேயே விதை இருக்கிறது.

ஊற்றுவதும் மூடுவதும்

காலை எட்டு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். ஊற்றும் முன் சுட்டு விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மேல் மண் காய்ந்து வெளிறியிருப்பதைப் பார்த்து ஊற்றி ஊற்றி வேரை அழுக வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்கிற தவறு. மதியம் இலை துவண்டு நிற்பதைப் பார்த்தும் பதற வேண்டாம், வெயில் இறங்கியதும் தானே நிமிர்ந்தால் செடிக்குக் குறையில்லை. பைக்கு அடியில் ஒரு தட்டு வைத்தால் வழிகிற தண்ணீர் சேரும், அதை மறுபடி மேலேயே ஊற்றலாம்.

தண்ணீரைப் பாதிக்குப் பாதி மிச்சம் பிடித்துத் தந்தது, மண்ணைச் சருகால் மூடி வைக்கும் மூடாக்குத்தான். மாசி, பங்குனியில் இந்த ஊர்ச் சாலை மரங்கள் இலை கொட்டும். எங்கள் தெருவில் புங்கை மரம் இரண்டு நிற்கிறது. பெருக்க வருகிற அம்மா குவித்து வைத்த சருகை ஒரு சாக்கில் கேட்டு வாங்கி வருவேன். பையில் நாம் விட்ட மூன்று அங்குல இடத்தில் அந்தச் சருகை இரண்டு அங்குலத்துக்குப் பரப்ப வேண்டும், தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடைவெளி. பரப்பிய மூன்றாம் நாள் சருகை விலக்கிப் பாருங்கள்: பக்கத்துப் பையின் மேல்மண் வெடித்திருக்கும், இதில் மண் கறுப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். கரும்பு ஜூஸ் கடைச் சக்கையும் போடலாம், ஆனால் வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டு. இல்லாவிட்டால் எறும்புக் கூட்டம்தான்.

ஏப்ரலில் 50 சதவீதப் பச்சை நிழல்வலை ஒன்று கட்டினால் கீரையும் நாற்றும் தப்பிக்கும். வெண்டைக்கும் கத்தரிக்கும் வலை தேவையில்லை.

சத்துக்கு, 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு ஒரு கை மண்புழு உரம். பூக்கிற சமயத்தில் கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். வாடை அடிக்கும், பக்கத்து வீட்டில் துணி காயப்போடாத நேரமாகப் பாருங்கள்.

பீர்க்கம்பூ மலரும் நேரம்

கொடிக் காய் ஒன்றாவது வைக்க வேண்டும். இரண்டு பெரிய பையில் பீர்க்கை போட்டு, கைப்பிடிச் சுவரிலிருந்து கயிறு கட்டி ஏற்றிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் பூக்கும், உதிரும், பூக்கும், உதிரும். "பூ நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று பதறிப் போய் உரம் போடுவார்கள். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, உதிரத்தான் செய்யும். பெண் பூ பின்னால் வரும். அதன் அடியில் சுண்டு விரல் அளவுக்கு ஒரு குட்டிப் பீர்க்கங்காய் இருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது நாலாவது மாடிக்குத் தேனீ வருவது குறைவு. நாம்தான் தூது போக வேண்டும். பாகல், வெள்ளரி, பூசணி காலையில் மலர்பவை, அவற்றை ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். பீர்க்கை அப்படி இல்லை. சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கு மாடி ஏறினால் மொட்டு முறுக்கி நிற்கும். வெயில் தணியத் தணிய மஞ்சள் இதழ் ஐந்தும் பிரிந்து, கசங்கின பட்டுத்துணி போல விரியும். அப்போது ஒரு ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றி எடுங்கள். விரல் நுனியில் மஞ்சள் பொடி ஒட்டும். மூன்று நாளில் பிஞ்சு பச்சையாகத் தடித்தால் பிடித்துவிட்டது. மஞ்சளாகிச் சுருங்கினால் இல்லை, அடுத்த பூவைப் பார்க்கலாம். ஆபீஸ் முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாயங்கால வேலை எனக்குத் தெரியவில்லை. தக்காளிக்கும் கத்தரிக்கும் இத்தனை மெனக்கெட வேண்டாம், காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தை லேசாகச் சுண்டிவிட்டாலே போதும்.

பூச்சி

காய்ந்த வெயிலில் வருவது சிவப்புச் சிலந்தியும் மாவுப்பூச்சியும். இலை மேல்புறம் வெளிர் புள்ளியாகத் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள், அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கும். ஸ்ப்ரேயரில் வெறும் தண்ணீரை இலைக்கு அடியில் வேகமாக அடித்தாலே சிலந்தி பெருமளவு போய்விடும். எறும்பு வரிசையாகச் செடி ஏறினால் எங்கேயோ மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு நாலு சொட்டுச் சோப்புத் திரவம், வாரம் ஒருமுறை வெயில் இறங்கிய பிறகு. உச்சி வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். இலைச்சுருள் வந்த தக்காளியை மட்டும் மருந்து தேடாமல் பிடுங்கிவிடுங்கள், அது பக்கத்துச் செடிக்கும் போகும். புறா நாற்றைக் கிளறாமல் இருக்கப் பழைய கொசுவலை போதும்.

மாங்காய் மழை வந்ததும்

ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை சாயங்காலங்களில் இடி மின்னலோடு மழை இறங்கும். மாங்காய் மழை என்பார்கள். முந்தின வாரமே சில வேலைகளை முடித்துவிடுங்கள். பைக்கு அடியில் உள்ள ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிட வேண்டும். நிழல்வலையின் ஒரு பக்கக் கட்டைத் தளர்த்தி வைக்க வேண்டும், இறுகக் கட்டிய வலை காற்றில் கம்பியையே பிடுங்கிக்கொண்டு போகும். மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைக்காமல் பார்க்க வேண்டும். முதல் நல்ல மழைக்குப் பைகளை முழுசாக நனைய விடுங்கள். போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் மண்மேல் படிந்த வெள்ளை உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போகும். அந்த மழையிலேயே டிரம் ஒன்றையும் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெண்டை அப்போது ஓயத் தொடங்கியிருக்கும். நோய் படாத செடி ஒன்றைப் பார்த்து, அதில் நல்ல காய் இரண்டைப் பறிக்காமல் விட்டு, யாரும் தவறிப் பறித்துவிடாமல் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். காய் பழுப்பாகி, வரி வரியாக வெடித்து, ஆட்டினால் விதை கலகலக்கும். உரித்து நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, அடுப்புச் சாம்பல் கிடைத்தால் அதில் புரட்டி, காகிதப் பொட்டலத்தில் வருஷத்தையும் ரகத்தின் பெயரையும் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். அடுத்த மாசிக்கு அது போதும்.